விண்முகிலைப் படம் பிடித்தோர் வரலாறும் ஊவா மலைநாட்டு இளைஞரும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று, பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் லயத்து வாசல்தோறும் அகல் விளக்கு எரிவதை நாம் யாவரும் சிறு வயது தொட்டே கண்டு வருகின்றோம். விளக்கேற்றிய கையோடு, "கார்த்திகைப் பெண்கள் அறுவரும் எங்கே?" என்று வானத்தை அண்ணாந்து நோக்குவது எம் பாட்டிமாரின் வழக்கம். ஆயின் ஊவாவில் அது வடகீழ்ப் பருவ மழைக்காலம். பெரும்பாலும் மேகமே பதில் சொல்லும். மேகம் சற்று விலகினாலும், பூரணை நிலவின் ஒளியில் அந்தச் சிறு மீன் கூட்டம் மங்கிப் போகும். ஆறு விளக்கை எண்ண விரும்பியவர்கள் மூன்றோ நான்கோ கண்டு திருப்தியடைந்து உள்ளே போவார்கள்.

அந்த அறுவரைச் சூழ நூற்றுக்கணக்கான விண்மீன்கள் உண்டு. அவற்றைத் தழுவி மெல்லிய நீலப் புகைபோல ஒரு முகில் படர்ந்திருக்கிறது. இதனை வெறுங்கண் ஒருபோதும் கண்டதில்லை. தொலைகாட்டியில் கண் வைத்துப் பார்த்தோரிலும் மிகச் சிலரே அதன் ஒரு மூலையைக் கண்டனர். இதனை உலகுக்கு முழுமையாகக் காட்டியது புகைப்படத் தகடுதான். விண்முகில்கள், விண்மீன் கொத்துக்கள், நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள அண்டங்கள் ஆகிய நெடுந்தொலைவுப் பொருள்களை மனிதன் படம் பிடிக்கக் கற்ற வரலாறு, ஏறத்தாழ நூற்று எழுபத்தைந்து ஆண்டு வரலாறாகும். அதனை இம்மலரில் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அவ்வரலாற்றின் ஓர் இழை நமது தேயிலை மலைகளுக்குள்ளும் வந்து போயிருக்கிறது. மேலும், அவ்வரலாற்றை உருவாக்கியோருட் பலர், நம்மைப் போலவே கைத்தொழிலால் வயிறு வளர்த்த எளிய குடியிற் பிறந்தவர்கள்.

கண்ணும் கூடையும்

முதலில் ஒன்றை விளங்கிக் கொள்வோம். நமது கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் வந்த ஒளியைக் கண்டு மூளைக்கு அறிவித்துவிட்டு, அடுத்த கணத்துக்குப் புதிதாய்த் தொடங்கிவிடும். ஆகவே மங்கலான ஒரு முகிலை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும், முதற் சில நிமிடங்களில் கண்டதற்கு மேல் அதிகம் காண இயலாது.

தகட்டின் இயல்பு வேறு. அதன் மேற் பூசிய வெள்ளி உப்பில் விழுந்த ஒளி அங்கேயே வேலை செய்து தங்கிவிடும். அடுத்த கணத்து ஒளி அதன்மேற் சேரும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையை நினைத்துப் பாருங்கள். அவள் கை ஒரு தடவையில் எடுப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமே. அந்தியில் கூடை நிறைந்து விடுகிறது அன்றோ! விண்முகிலைப் படம் பிடித்தல் என்பது அத்தகைய கொழுந்து பறிப்பே. இதில் வேண்டப்படுவது பெருஞ் செல்வத்தினும் பெரும் பொறுமையாகும்.

பொறுமைக்குத் தடையொன்றும் உண்டு. பூமி சுழல்கின்றமையால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. கமராவை அசையாது வைத்தால் விண்மீன் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். எனவே வானத்தோடு கூடவே கருவியும் நகர வேண்டும்; அந்நகர்வைக் கண்ணும் கையும் இடைவிடாது காவல் செய்ய வேண்டும். இந்தக் காவற் பணியே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

ஹேர்ஷலும் கமரன் அம்மையாரும்

புகைப்படக் கலைக்கும் வானியலுக்கும் பொதுவான தந்தையர் பலருள் முதன்மையானவர் சேர் ஜோன் ஹேர்ஷல். வெள்ளி உப்பைக் கரைக்கும் "ஹைப்போ" என்னும் மருந்தின் தன்மையை 1819ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தவர் அவர். பிடித்த படம் வெளிச்சத்திற் கெட்டுப் போகாமல் நிலைத்து நிற்க அம்மருந்தே 1839 முதல் உதவிற்று. அதற்கு முன், 1834 தொடக்கம் 1838 வரை, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பெரிய ஆடித் தொலைகாட்டியை நிறுவி, தென்வானத்து முகில்களையும் கொத்துக்களையும் இரவிரவாகப் பார்த்துக் கையால் வரைந்தார். அவர் வரைந்தவற்றுட் பல நமது ஊவா வானத்திலும் தெற்கே தோன்றுவன.

அந்த நன்னம்பிக்கை முனையில் 1836இல் ஹேர்ஷல் அறிமுகமான இளம் பெண்ணொருத்தி பிற்காலத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் பெயரால் உலகப் புகழ் பெற்றார். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையாருக்குப் புகைப்படக் கலையின் தொடக்கச் செய்திகளை எழுதி அறிவித்தவரும் ஹேர்ஷலே. 48 வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கமரா ஒன்றைக் கொண்டு அவர் இக்கலையைத் தொடங்கினார். 1867இல் அவர் எடுத்த ஹேர்ஷலின் முகப்படம், நரைத்த தலைமயிர் ஒளிவீசும் அந்தப் படம், இன்றும் புகைப்பட வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுவது.

இந்த அம்மையாரின் கணவர் யார் என்று கேட்டால் நமது மூத்தோர் வியப்படைவர். இலங்கையின் சரித்திரப் பாடத்தில் நாம் மனனம் செய்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் சாள்ஸ் ஹே கமரனே அவர். 1833இல் இத்தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்த சீர்திருத்தங்களோடு அவர் பெயர் பிணைந்திருக்கிறது. நமது ஊவா தனி மாகாணமானது பின்னர் 1886இலாகும். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களைக் கொண்டிருந்த அக்குடும்பம் 1875இல் இங்கிலாந்தை விட்டு இங்கேயே குடிவந்தது. 1879 ஜனவரியில் அம்மையார் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேண் தோட்டத்தில் உயிர் நீத்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தின் மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

இலங்கையில் அவர் எடுத்த படங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் இந்நாட்டுத் தொழிலாளரும் குடியானவரும் நிற்கின்றனர். முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பார்வை நேராக நம்மைத் துளைக்கின்றது. ஆயின் பெரும்பாலான படங்களில் நிற்பவரின் பெயரில்லை. ஹேர்ஷலின் படத்தின் கீழ் ஹேர்ஷலின் பெயருண்டு. நமது மூத்தோர் படத்தின் கீழ் இன்ன இனத்தார், இன்ன தொழிலார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இதனை நேயர்கள் மனத்திலிருத்திக் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்புவோம்.

தகட்டிற் பதிந்த வானம்

சூரியனுக்கு அப்பாலுள்ள விண்மீனொன்று முதன்முதலிற் படமானது 1850 ஜூலை 17ஆந் திகதி இரவு. அமெரிக்காவின் ஹாவார்ட் வானிலையத்தில் பொண்ட் என்பாரும், விப்பிள் என்னும் புகைப்படக்காரரும் சேர்ந்து, வேகா என்னும் ஒளிமிக்க மீனை வெள்ளித் தகட்டிற் பதித்தனர். நம்மவர் அபிஜித் என்று வழங்கும் மீன் அது. ஒளிமிக்க மீனுக்கே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிடித்தது. மங்கலான முகிலை யார் பிடிப்பது?

கமரன் அம்மையார் கையாண்ட ஈரத்தகடும் இதற்கு உதவவில்லை. மருந்து பூசிய கண்ணாடி ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். 1871இல் ரிச்சாட் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்ந்த ஜெலற்றின் தகட்டைக் கண்டறிந்தார். மணிக்கணக்காய் ஒளியைச் சேர்க்கும் வழி அதனாலேயே திறந்தது.

1880 செப்டெம்பர் 30ஆந் திகதி, நியூயோர்க்கைச் சேர்ந்த ஹென்றி டிறேப்பர் என்னும் மருத்துவப் பேராசிரியர், ஒறையன் மண்டலத்து முகிலை 51 நிமிடம் ஒளி சேர்த்துப் படம் பிடித்தார். விண்முகில் ஒன்று படமானது அதுவே முதற் தடவை. திருவாதிரை மீனுக்கு அருகில் மூன்று மீன்கள் ஒரே வரிசையாய் நிற்குமே, அவற்றின் கீழே தொங்கும் மங்கலான சுடரே அம்முகில். மூன்றாண்டுகள் கழிந்து, 1883 ஜனவரியில், இங்கிலாந்தின் ஈலிங்கிலுள்ள தம் வீட்டுத் தோட்டத்தில் அன்றூ கொமன் என்பவர் 36 அங்குல ஆடியைக் கொண்டு அதே முகிலை எடுத்தார். அப்படத்தில், அத்தொலைகாட்டியிற் கண் வைத்துப் பார்த்தாலும் புலப்படாத மீன்கள் விழுந்திருந்தன. கண்ணைத் தகடு வென்ற நாள் அதுவெனலாம். கொமன் தொழிலால் ஒரு சுகாதாரப் பொறியியலாளர். வானியல் அவருக்கு இராக்காலப் பொழுதுபோக்கு.

நமது கார்த்திகைக்கு வருவோம். 1885 நவம்பர் 16ஆந் திகதி, பாரிஸ் வானிலையத்தின் போல் ஹென்றி, புரொஸ்பெர் ஹென்றி என்னும் சகோதரர் இருவர் கார்த்திகைக் கூட்டத்தைப் படமெடுத்தனர். அக்கூட்டத்து மீன்களில் ஒன்றான மாயாவை ஒட்டி, எவருமே முன்பு கண்டிராத முகிற் கீற்றொன்று தகட்டிற் பதிந்திருந்தது. தகட்டிற் குற்றமோ என ஐயுற்றனர். மறுபடி எடுத்தபோதும் அது அங்கேயே இருந்தது. அடுத்த ஆண்டு, லிவர்பூல் நகரருகே வாழ்ந்த ஐசாக் றொபேட்ஸ் என்னும் கட்டிட ஒப்பந்தக்காரர் எடுத்த படங்களில் கூட்டம் முழுவதுமே முகிலிற் தோய்ந்திருக்கக் கண்டனர். இதே றொபேட்ஸ் 1888 டிசம்பர் 29ஆந் திகதி அந்திரொமீடா முகிலை நான்கு மணி நேரம் ஒளி சேர்த்து எடுத்த படத்தில், அது சுருள் சுருளாய்ச் சுழன்று கிடப்பது வெளிப்பட்டது.

அந்தச் சுருளின் பொருள் விளங்க மேலும் 35 ஆண்டுகள் சென்றன. 1923 அக்டோபரில் கலிபோணியாவின் மவுண்ட் வில்சன் மலையில் எட்வின் ஹபிள் எடுத்த தகடொன்றில், அந்திரொமீடாவுக்குள் ஒளி கூடிக் குறையும் மீனொன்று அகப்பட்டது. அம்மீனைக் கொண்டு தூரத்தைக் கணித்தபோது, அந்த "முகில்" நமது பால்வீதிக்கு வெளியேயுள்ள வேறோர் அண்டம் என்பது உறுதியாயிற்று. இன்றைய கணிப்பில் அதன் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. ஒரு கண்ணாடித் துண்டு உலகத்தைப் பற்றிய மனிதனின் எண்ணத்தையே மாற்றிவிட்டது.

எளியோர் கைகள்

இதுவரை கூறியவை பள்ளிப் புத்தகங்களிற் காணக் கூடியவை. இனிக் கூறப் போவது அவற்றின் அடிக்குறிப்பிற் கிடக்கும் மனிதரைப் பற்றியது.

எட்வேர்ட் பார்னாட் 1857இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கடும் வறுமையிற் பிறந்தார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். ஒன்பது வயதை எட்டும் முன்னரே படம் பிடிக்கும் கடையொன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டார். அக்கடையில் படத்தைப் பெருப்பிக்கச் சூரிய ஒளியைப் பயன்படுத்தும் பெரிய கருவியொன்று கூரைமேல் இருந்தது. சூரியன் நகர நகர, கருவியும் அதனையே நோக்கியிருக்கச் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புவதே சிறுவனின் பணி. வேறு பையன்கள் தூங்கிவிட்டார்கள்; இவன் தூங்கவில்லை. வானத்தோடு கருவியை நகர்த்தும் வித்தையை அவன் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக வெயிலில் நின்று கற்றான். 1889 முதல் லிக் வானிலையத்தில் பால்வீதியைப் படம் பிடித்தபோது அவர் கையாண்டதும் விலையுயர்ந்த வில்லையன்று. மனிதர் முகத்தைப் படமெடுக்கும் கடையிலிருந்து வாங்கிய பழைய வில்லையே. அதைக் கொண்டு பால்வீதியின் ஒளித் திரள்களையும் இடையிடையே கிடந்த கரிய வெளிகளையும் முதன்முதலிற் காட்டினார். அவர் தொகுத்த படநூலுக்காக 35,000க்கு மேற்பட்ட பிரதிகளை ஒவ்வொன்றாகத் தாமே பரிசோதித்தார். அவர் 1923இல் மறைந்தபின் 1927இலேயே அந்நூல் வெளிவந்தது.

மில்ற்றன் ஹியூமசன் பதினான்கு வயதில் படிப்பை விட்டவர். மவுண்ட் வில்சன் மலைக்குக் கட்டிடச் சாமான்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்றவர். பின்பு அங்கேயே கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, இரவில் வானியலாளருக்கு உதவி செய்து, 1919இல் வானிலைய உத்தியோகத்தராகவே நியமனம் பெற்றார். மிக மங்கலான அண்டங்களின் ஒளியைப் பல இரவுகள் தொடர்ந்து சேர்த்துப் பதிவதில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் அரிது.

வில்லியமினா பிளெமிங் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண் ஹாவார்ட் வானிலையத் தலைவர் பிக்கரிங்கின் வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். கணவனாற் கைவிடப்பட்டவர். டிறேப்பர் இறந்தபின் அவர் மனைவி வழங்கிய நிதியால் நடைபெற்ற பெரும் படப் பணியில், தகடுகளை ஆராயும் பெண்களுக்குப் பிளெமிங் தலைவியானார். 1888ஆம் ஆண்டுத் தகடொன்றில், ஒறையன் மண்டலத்தில் குதிரைத் தலை போன்ற கரிய உருவத்தை முதலிற் கண்டவர் அவரே. ஆயின் 1895இல் வெளிவந்த விண்முகிற் பட்டியலில் அக்கண்டுபிடிப்பு பிக்கரிங்கின் பெயரிலேயே பதியப்பட்டது. 1908இல் வெளியான அடுத்த பட்டியலிலேதான் பிளெமிங்கின் பெயர் ஏறிற்று. ஹபிளுக்குத் தூரங் கணிக்க வழிகாட்டிய விதியைத் தகடுகளிலிருந்து 1912இல் வகுத்தவரும் அதே நிலையத்துப் பெண்ணான ஹென்றியேற்றா லெவிற் என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும்.

அயலகத்தார்

நமது பக்கத்து வானத்தை யார் நோக்கினர்? 1867இல் கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வேத் இராணுவப் பொறியியலாளராகத் திருகோணமலையிற் பணியாற்றி, 12½ அங்குல ஆடித் தொலைகாட்டியால் வியாழனை ஓய்வின்றி அவதானித்தவர். வியாழனின் தென்பகுதியில் நெடுங்காலம் நீடித்த கரிய குழப்பமொன்றை 1901இல் கண்டறிந்தார். அவருடைய செல்வம் பெரும்பாலும் கையால் வரைந்த சித்திரங்கள். 1908இல் திருகோணமலையிலேயே மறைந்தார். செவ்வாயிலுள்ள பெருங் குழியொன்று இன்று அவர் பெயர் தாங்குகிறது. அவர் தந்தையார் கில்போட் மோல்ஸ்வேத் இலங்கையின் முதற் புகையிரதப் பாதையை அமைத்த பொறியியலாளர். அப்பாதையே நீண்டு நீண்டு 1924இல் பதுளையை வந்தடைந்தது.

யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்த காரைநகர் ஆலன் ஆபிரகாம், தமிழ்ப் புலமையும் வானியலும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர். இங்கிலாந்தின் றோயல் வானியற் சங்கத்து அங்கத்தவராகும் பெருமையும் பெற்றார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இவர் பெயர் தனி இன்பம் தருவது.

தென்னிந்தியாவில், வானம் முழுவதையும் தகடுகளிற் பதிவதற்கென 1887இல் பாரிஸில் கூடிய மகாநாடு வகுத்த உலகத் திட்டத்தில், ஹைதராபாத் நிஜாமியா வானிலையம் தனக்குரிய பங்கைச் செய்து முடித்தது. அந்நிலையத்தில் பணி செய்தவரின் மகனே வைணு பாப்பு. 1949இல் ஹாவார்டில் மாணவராயிருந்தபோது, தாமெடுத்த தகட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அது அவர் பெயரும் சேர்ந்தே வழங்கப்படுகிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்பு தாயகம் திரும்பி, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானிலையம் கண்டார். 1968இல் 38 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டியோடு தொடங்கிய அந்நிலையத்தில், 1986இல் 2.34 மீற்றர் தொலைகாட்டி அமைந்தது. அதனைக் காண அவர் உயிரோடில்லை. 1988 பெப்ரவரியில் அங்கு இராஜமோகன் படத்தகட்டிற் கண்ட சிறுகோளுக்கு இராமானுஜன் எனப் பெயர் சூட்டப்பட்டது.

காவலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீற்றர். நமது பதுளை நகரோ ஏறத்தாழ 680 மீற்றர். வட அகலக்கோடு ஏழிற் கிடப்பதால் அந்திரொமீடாவும் நமக்குத் தெரியும். தென்வானத்து மகெல்லன் முகில்களும் அடிவானத்துக்கு மேலெழும். ஹேர்ஷல் இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறிப் போய்க் கண்ட வானத்தின் பெரும்பகுதி எம் வாசற்படியில் இருக்கிறது.

நாம் கற்றது

இவ்வரலாற்றை வாசித்தபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. நண்பர் மூவர் சேர்ந்து, உறவினரிடம் இரவல் பெற்ற பழைய டிஜிற்றல் கமரா ஒன்றோடும் சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லையோடும் முக்காலியோடும் புறப்பட்டோம். இன்று தகட்டின் இடத்தை மின்னணுச் சில்லு பிடித்துக் கொண்டது. 1969இல் கண்டறியப்பட்ட நுட்பத்தின் வழி வந்தது அது. வானத்தோடு நகரும் பொறி எம்மிடமில்லை. ஆயினும் எட்டெட்டு நொடியாய் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, விண்மீன்களைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கலாம். நூறு படங்களை அடுக்கினால் ஒளியோடு கலந்த இரைச்சல் பத்திலொன்றாகக் குறையும்; மறைந்திருந்த முகில் மெல்ல மேலெழும்.

காலம் தெரிவதிலும் ஊவா எமக்கு உதவிற்று. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது, மலை கடந்து வரும் வறண்ட காற்று நமது பக்கம் வானத்தைத் துடைத்து விடும். ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணம் ஏறுவதும் அக்காற்றினாலேயே. கார்த்திகை மாதத்து மழையில் மறையும் கார்த்திகைக் கூட்டம், ஆவணி அமாவாசையை ஒட்டிய அதிகாலையில் தலைக்கு மேல் தெளிவாய் நிற்கும்.

முதல் இரவு முழுவதும் வீணாயிற்று. வில்லையின் குவிவு கைபட்டு நகர்ந்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. விண்மீன்கள் யாவும் பஞ்சுருண்டைகளாக விழுந்திருந்தன. இரண்டாம் இரவு காற்று முக்காலியை அசைத்தது. தோட்டத்துக் காவற்கார ஐயா ஒருவர் பந்த ஒளியாய் டோர்ச்சை வீசிக் கொண்டு வந்து, "தம்பிமாரே, இந்த நேரத்தில என்ன செய்றீங்க?" என்று அதட்டினார். விளக்கிச் சொன்னோம். சற்று நேரம் மேலே பார்த்தார். பின்பு ஒரு சாக்கில் கற்களை நிரப்பி முக்காலியின் நடுவே கட்டித் தொங்கவிட்டார். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரின் பழைய படங்கை லயத்திலிருந்து வாங்கி வந்து, காற்றுக்கு மறைப்பாய்க் குச்சிகளிற் கட்டினார். முக்காலி அசையவில்லை.

அன்று 240 படங்கள் எடுத்தோம். மொத்தம் 32 நிமிட ஒளி. பத்து நிமிடத்துக்கொரு முறை கமராவைத் திருப்பி மீன் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டு வந்தோம். பார்னாட் என்னும் சிறுவன் கூரைமேற் செய்த அதே வேலை! மறுநாள் மாலை படங்களை அடுக்கி முடித்தபோது, கார்த்திகைப் பெண்களைச் சுற்றி ஒரு மெல்லிய நீலக் கறை தெரிந்தது. கமராவின் குற்றமோ என ஹென்றி சகோதரரைப் போலவே நாமும் ஐயுற்றோம். அடுத்த இரவும் எடுத்தோம். அது அங்கேயே இருந்தது. ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி அது. கோப்பியோ தேயிலையோ இம்மலைகளில் நடப்படுமுன், நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வருமுன் புறப்பட்டது.

அப்படத்தை எண்பது வயதைக் கடந்த பாட்டியார் ஒருவரிடம் காட்டினோம். கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்க எடுத்தது?" என்றார். "நம்ம தோட்டத்துலதான், பாட்டி" என்றோம். "நம்ம தோட்டத்துல இருந்தா இது தெரியுது?" என்று மறுபடியும் கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பேர்

தோட்டத்தில் "பேர்" என்னும் சொல்லுக்குத் தனிப் பொருளுண்டு என்பதை மூத்தோர் அறிவர். ஒரு நாள் உழைப்பு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுதும் உழைத்தவள் அந்தியில் அரைப்பேரோடு திரும்பியதுண்டு. செக்ரோலில் அவ்வாறு பேர் விழுந்த மக்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் நாட்டின் பேரேட்டில் பெயரில்லாதவராய் நின்றனர். அக்குறை சட்டத்தில் தீர 2003ஆம் ஆண்டு வரை பல படிகள் கடக்க வேண்டியிருந்தது. உழைப்புக்கு ஏடு உண்டு; உழைத்தவனுக்கு ஏடு இல்லை என்பதே எம்மவர் கண்ட சரித்திரம். கமரன் அம்மையார் படத்தில் பெயரின்றி நிற்பவரும் அச்சரித்திரத்தின் மாந்தரே.

வானியலில் ஒரு நல்ல வழக்கமுண்டு. ஒவ்வொரு தகட்டுக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதப்படும்: திகதி, இடம், எத்தனை நிமிட ஒளி, வானம் எப்படி, எடுத்தவர் யார். அந்த வரி இருந்தமையாலேயே நூறாண்டு கழிந்தும் பழைய தகட்டை எடுத்துப் புதிய உண்மை காண முடிகிறது. அந்த வரி சரியாக எழுதப்படாதமையாலேயே பிளெமிங்கின் பெயர் பதின்மூன்று ஆண்டுகள் மறைந்து கிடந்தது.

ஆகவே நாமும் ஒரு குறிப்பேடு வைத்தோம். அதில் எமது பெயர்களோடு, கற்சாக்குக் கட்டிய ஐயாவின் பெயரையும் படங்கு கொடுத்த அக்காவின் பெயரையும் எழுதினோம். தோட்டத்தின் பெயரையும் மலையின் இலக்கத்தையும் எழுதினோம். அவர்கள் இருவருக்கும் அதனைப் படித்துக் காட்டியபோது ஐயா சிரித்தார். அக்கா, தன் தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். அப்படியே திருத்தி எழுதினோம்.

இளைஞர் சங்கத் தோழர்களே! தொலைகாட்டி வாங்கப் பணமில்லை என்று சோர வேண்டா. கைத்தொலைபேசியின் கமராவும் ஒரு முக்காலியும் இருந்தாலே பால்வீதியைப் பதியத் தொடங்கலாம். நகர வெளிச்சம் பெருகி வரும் இக்காலத்தில், நமுனுகுல மலைச்சாரலின் இருள் ஒரு முதுசொம். அது குறையுமுன் பயன் கொள்வோம். சங்க நூல்நிலையத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். மாதம் ஓர் அமாவாசை இரவு அதில் ஒரு பக்கம் நிறையட்டும். மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் காலத்தில் வானத்து மீன்களுக்கு லயத்தில் வழங்கிய பெயர்களையும், அவற்றைக் கொண்டு நேரமும் மழையும் கணித்த முறைகளையும் எமக்குச் சொல்லுங்கள். அவற்றையும், சொன்னவர் பெயரோடு, அதே ஏட்டில் எழுதி வைப்போம்.

வரும் கார்த்திகையிலும் மழை பெய்யக்கூடும். மேகம் மூடிய வானத்தின் கீழ் விளக்கேற்றும்போது, அந்த மேகத்துக்கு மேல் அறுவரும் தம் நீல முகிலோடு நிற்கின்றனர் என்பதை இனி நாம் அறிவோம். நம்ம தோட்டத்திலிருந்து அது தெரியும், பாட்டி.